நியூமன் 1845-க்கு முன் எழுதியதை மறைக்கல்வி வகுப்பில் சொல்லலாமா?

கேள்வி: பங்கில் மறைக்கல்வி எடுக்கிறேன். புனித ஜான் ஹென்றி நியூமன் பற்றி ஒரு வகுப்பு நடத்த வேண்டும். பாதி வாழ்க்கை ஆங்கிலிக்கனாக, அதாவது இங்கிலாந்துத் திருச்சபைக்காரராக இருந்தவராயிற்றே, அப்போது எழுதியதைச் சொன்னால் தப்பாகிவிடுமா? அவருடைய ‘முழுத் தொகுப்பு’ ஆன்லைனில் நாலாயிரத்துக்குக் கிடைக்கிறது, வாங்கலாமா?

பதில்: முதலில் அந்த நாலாயிரத்தைப் பத்திரமாக வையுங்கள். நியூமன் இறந்தது 1890-ல். காப்புரிமை எப்போதோ முடிந்து, அவர் வெளியிட்ட நூல்கள் அநேகமாக எல்லாமே இணையத்தில் இலவசமாகக் கிடக்கின்றன. அதை இறக்கி, பக்கம் கோணலாக, அடிக்குறிப்பு பாதி வெட்டுப்பட அச்சடித்து, அட்டையில் மட்டும் கர்தினால் உடையில் நியூமன் படத்தைப் பளபளவென்று போட்டு விற்கிற கூட்டம் பெருகிவிட்டது. எந்த ஆண்டுப் பதிப்பு என்றுகூட உள்ளே இருக்காது. உங்களுக்கு வேண்டியதே அந்த ஆண்டுதான்.

1845 அக்டோபர் 8 இரவு, கொட்டும் மழையில் நனைந்து ஆக்ஸ்ஃபோர்டு பக்கத்து லிட்டில்மோருக்கு வந்து சேர்ந்தார் டொமினிக் பார்பெரி என்ற இத்தாலியத் துறவி. அவர் அடுப்பருகே துணி காயவைத்துக்கொண்டிருக்கும்போதே நியூமன் வந்து முழங்காலிட்டார். மறுநாள் கத்தோலிக்கரானார். அதுதான் கோடு. அதற்கு முன் எழுதியதில் ரோமை, அதாவது கத்தோலிக்கத் திருச்சபையைக் கடுமையாகத் தாக்கும் பக்கங்கள் உண்டு, ஆகவே அதை ‘நியூமனின் தேடல்’ என்று சொல்லுங்கள், திருச்சபைப் போதனை என்று பெயர் ஒட்டாதீர்கள். பிந்தையதைத் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம்.

ஒன்றே ஒன்று இந்தக் கோட்டுக்குள் அடங்காது: கிறிஸ்தவக் கோட்பாட்டின் வளர்ச்சி பற்றிய நூல். ஆங்கிலிக்கனாக எழுதத் தொடங்கி, எழுதி முடிக்காமலேயே மதம் மாறி, அதே ஆண்டு வெளியிட்டார். மாறிய கையோடு திருச்சபை அதிகாரிகளிடம் திருத்தக் கொடுத்தார். கத்தோலிக்கராவதற்கு முன் எழுதியது, எழுதியபடியே வந்தால்தான் வாசகருக்கு உறைக்கும் என்று அவர்கள் திருத்த மறுத்துவிட்டார்கள். 1878-ல் அவரே பகுதிகளை இடம் மாற்றி அடுக்கினார். எனவே இதில் பக்க எண்ணை மட்டும் குறித்தால் பிரயோஜனமில்லை, பதிப்பாண்டும் வேண்டும். ‘வாழ்வது என்றால் மாறுவது’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவது இதிலிருந்து பிய்த்ததுதான். சற்று முன்னாலேயே, மாறுவது மாறாமல் இருப்பதற்காக என்று எழுதியிருக்கிறார். அதை யாரும் ஃபார்வேர்டு செய்வதில்லை.

2019-ல் புனிதர் பட்டம், 2025 நவம்பர் 1-ல் மறைவல்லுநர் (திருச்சபையின் பேராசான்) பட்டம். பேனரும் விழாவும் குறைவில்லாமல் நடக்கும், மறைக்கல்வி ஆசிரியர் கையில் பத்துப் பக்கக் குறிப்பு கொடுக்கத்தான் மேலே யாருக்கும் நேரமில்லை. உங்களை மாதிரி ஆட்கள் வியாபாரிகளிடம் மாட்டுவது பின்னே எதனால்?

சரி, வகுப்புக்கு 1864-ல் வந்த ‘அப்போலோஜியா’ போதும். கத்தோலிக்கக் குருக்களுக்கு உண்மை பேசுவதில் அக்கறை இல்லை என்று சார்லஸ் கிங்ஸ்லி என்ற ஆங்கிலிக்கக் குரு எழுதியதற்குப் பதிலாகத் தன் கதையையே சொன்ன நூல். 1841 முதல் 1845 வரையிலான அத்தியாயத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அதற்கடுத்த கடைசி அத்தியாயம் கனமானது, அதைப் பெரியவர்கள் வகுப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.