போர்ட் லூயிஸ்ல வேலை, வீடு எங்க பாக்குறது?

கார் இல்ல, மொரீஷியஸ் தலைநகர் போர்ட் லூயிஸ்ல வேலை, வீடு கியூர்பிப்ல பாக்கவா திரியோலேல பாக்கவான்னு கேட்டீங்க. திரியோலே நல்ல ஊருதான், ஆனா வடக்குப் பக்கம் மெட்ரோ கிடையாது, பஸ்ஸுதான், காலைல ஹைவேல மாட்டுனா நகராது. கியூர்பிப்புக்கு 2022லயே மெட்ரோ வந்துருச்சு, ஆனா தூரம், அதோட அங்க எந்நேரமும் மழையும் ஈரமும், துவைச்ச துணி காயாது, பீரோவுக்குள்ள பூஞ்சை புடிக்கும், வீட்ல இருமல் இழுப்பு உள்ளவங்க இருந்தா வேணவே வேணாம். என்னைக் கேட்டா ரோஸ் ஹில் இல்ல காத்ர் போர்ன் பாருங்க, கியூர்பிப் போற அதே மெட்ரோ லைன்தான். காத்ர் போர்ன்ல சந்தை இருக்கு, கோர் தெ கார்த் மலை முருகன் கோவிலும் பக்கம் (தைப்பூசத்தன்னிக்கு மட்டும் அந்தப் பக்கம் வண்டில போயிராதீங்க). முக்கியமா, ஸ்டேஷன் பக்கம்தான்னு ஏஜென்ட் சொல்றத நம்பாம நீங்களே ஒருவாட்டி நடந்து பாத்துட்டு அட்வான்ஸ் குடுங்க.