பத்துத் தடவை எழுதியும் மறந்துபோகிறதே!

கேள்வி: அரசு உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். புதுச் சொற்களைப் பத்துத் தடவை எழுதிவரச் சொன்னால் எழுதிவருகிறார்கள். அடுத்த வாரம் கேட்டால் முழிக்கிறார்கள். பயிற்சியில் ‘கற்கும் உத்திகளைச் சொல்லிக்கொடுங்கள்’ என்றார்கள். பாடம் முடிக்கவே பீரியட் போதவில்லை. இதை எங்கே நுழைப்பது?
– ஆசிரியை, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: தனி பீரியட் வேண்டாம். உத்திகளைப் பற்றி வகுப்பெடுத்தால் அதையும் நோட்டில் எழுதி மனப்பாடம் செய்துவிடுவார்கள்! ரெபெக்கா ஆக்ஸ்ஃபோர்டு என்ற ஆய்வாளர் 1990-இல் மொழி கற்கும் உத்திகளை ஆறு வகையாகப் பிரித்தார். அந்தப் பட்டியல் உங்களுக்கு உதவும். பிள்ளைகளுக்கு மாதம் ஒரு உத்தி போதும், அதுவும் நடத்துகிற பாடத்துக்குள்ளேயே.

முதலில் அந்த இம்போசிஷனை நிறுத்துங்கள். மூன்றாவது வரிக்கு மேல் கை மட்டும்தான் எழுதுகிறது. பக்கத்தை நடுவில் மடித்து, ஒரு பக்கம் ஆங்கிலம், மறுபக்கம் தமிழ் எழுதச் சொல்லுங்கள். தமிழை மட்டும் பார்த்து, ஆங்கிலச் சொல்லை நினைவிலிருந்து ரஃப் நோட்டில் எழுத வேண்டும். பிறகு திருப்பிப் பார்த்து, தப்பானதற்கு ஒரு புள்ளி. மறுநாள், மூன்று நாள் கழித்து, அடுத்த வாரம் என்று அதே பக்கத்துக்குத் திரும்ப வர வேண்டும். 2006-இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்ற உளவியல் ஆய்வாளர்கள் இருவரும் கல்லூரி மாணவர்களுக்கு உரைநடைப் பகுதிகளைக் கொடுத்துச் சோதித்தார்கள். ஐந்து நிமிடத்தில் கேட்டபோது திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள். உங்கள் வகுப்பில் நடப்பதும் இதுதான்.

அடுத்த மாதம், தெரியாத சொல்லை ஊகிப்பது. விளக்கம் சொல்லாமல், உங்கள் மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லுங்கள், தமிழிலேயே. ‘தி வெல் ட்ரைட் அப் அண்ட் தி கௌஸ் வேர் தர்ஸ்டி’ என்று போர்டில் எழுதிவிட்டு, “தர்ஸ்டி தெரியலையே... சரி, கிணறு வத்திப்போச்சு, மாடுங்க எப்படி இருக்கும்? பசியா? இல்ல, தண்ணிதானே இல்ல, அப்போ தாகம்” என்று யோசியுங்கள். நீங்கள் தயங்குவதும் சந்தேகப்படுவதும் அவர்கள் காதில் விழ வேண்டும். கெட்டிக்காரப் பிள்ளை இதைத் தானாகச் செய்கிறது; மற்றவர்களுக்கு அப்படி ஒன்று நடப்பதே தெரியாது. அப்புறம் இரண்டிரண்டு பேராக உட்காரவைத்து, ஒருவர் யோசித்துச் சொல்ல, மற்றவர் கேட்கட்டும்.

ஒன்று, வரியில் பாதிச் சொற்கள் தெரியாதபோது ஊகம் பலிக்காது. அங்கே அர்த்தத்தைச் சொல்லிவிட்டு மேலே போங்கள்.

ஹெச்.எம். வந்து ‘இம்போசிஷன் நோட்டு எங்கே?’ என்று கேட்டால், அந்தப் புள்ளி வைத்த பக்கங்களைக் காட்டுங்கள்.