ஜெர்மன் விமான இன்ஜின் கம்பெனிதான் வேண்டும் என்கிறாள் மகள்: எந்தப் படிப்பில் சேர்ப்பது?

வணக்கம் அம்மா.

பிளஸ் டூ படிக்கும் மகள், மியூனிக்கில் உள்ள எம்டியு ஏரோ இன்ஜின்ஸ் நிறுவனத்தில்தான் வேலைக்குப் போவேன் என்று பிடிவாதமாக நிற்பதாக எழுதியிருந்தீர்கள். ஏரோநாட்டிக்கல் எடுத்தால் வேலை கிடைக்காது என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்துகிறார்கள் என்றும், கம்ப்யூட்டர் சயின்ஸ் பேச்சை எடுத்தாலே அவள் எழுந்து போய்விடுகிறாள் என்றும் சொல்லியிருக்கிறீர்கள். அவள் ஆசையில் தப்பே இல்லை. ஆனால் ஒரு நிறுவனத்தின் பெயரைப் பார்த்துப் படிப்பைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. ஏன் என்பதை அந்த நிறுவனத்தின் நூறாண்டுக் கதையே காட்டும். கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், மகளையும் உட்காரவைத்துப் படியுங்கள்.

1913-ல் கார்ல் ராப் என்பவர் மியூனிக்கில் விமான இன்ஜின் தொழிற்சாலை ஒன்றைத் தொடங்கினார். எம்டியுவின் வேர் அங்கேதான். அவருடைய இன்ஜின்களுக்கு அதிர்வுதான் பெரிய தலைவலி. 1917-ல் டைம்லர் நிறுவனத்திலிருந்து மாக்ஸ் ஃப்ரிட்ஸ் என்ற இளம் பொறியாளர் வந்து சேர்ந்தார். அதே ஆண்டு நிறுவனத்தின் பெயரும் மாறியது. புதிய பெயர் பேயரிஷே மோட்டோரன் வெர்கே, அதாவது பிஎம்டபிள்யூ. கார் கம்பெனியாக நமக்குத் தெரிந்த அந்தப் பெயர் விமான இன்ஜினுக்காகத்தான் முதலில் வைக்கப்பட்டது.

ஃப்ரிட்ஸ் என்ன செய்தார் என்பதை மகள் கவனிக்க வேண்டும். உயரே போகப் போகக் காற்று அடர்த்தி குறையும், அதனால் இன்ஜினின் சக்தியும் குறையும். அன்றைய விமானிகளுக்கு இது உயிர்ப் பிரச்சினை. ஃப்ரிட்ஸ் இன்ஜினின் அமுக்க விகிதத்தைக் கூட்டினார், எரிபொருளையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரை உயரத்துக்கென்றே தனியாக வடிவமைத்தார். தரையில் திராட்டிலை முழுதாகத் திறக்கக் கூடாது, மேலே போன பிறகுதான் திறக்க வேண்டும். பிஎம்டபிள்யூ 3ஏ என்ற அந்த ஆறு சிலிண்டர் இன்ஜின் ஃபோக்கர் டி7 போர் விமானத்தில் பேர் வாங்கியது. அடுத்து வந்த பிஎம்டபிள்யூ 4 இன்ஜினை வைத்துக்கொண்டு 1919 ஜூன் 17 அன்று ஃப்ரான்ஸ் ஸீனோ டீமர் 9,760 மீட்டர் உயரம் வரை பறந்தார்.

பதினோரு நாள் கழித்து, முதல் உலகப் போருக்கான வெர்சாய் சமாதான ஒப்பந்தம் கையெழுத்தானது. ஜெர்மனி விமான இன்ஜின் செய்யத் தடை. உலகத்திலேயே மிக உயரப் பறந்த இன்ஜினைச் செய்த ஆட்கள் ரயில் பிரேக் செய்யப் போனார்கள், மோட்டார் சைக்கிள் இன்ஜின் செய்தார்கள். 1923-ல் வந்த பிஎம்டபிள்யூவின் முதல் மோட்டார் சைக்கிளான ஆர்32-ஐ வடிவமைத்தவரும் இதே ஃப்ரிட்ஸ்தான். துறை மூடிப்போனாலும் இன்ஜின் அறிவு அவரிடமே இருந்தது, அது வேறு வண்டிக்குப் பயன்பட்டது. "வேலை இல்லாமல் போய்விட்டால்?" என்று நீங்கள் கேட்டிருந்தீர்களே, என் பதிலின் பாதி இங்கேயே இருக்கிறது.

தடை தளர்ந்த பிறகு சொந்தமாக எல்லாவற்றையும் கண்டுபிடிக்க அவர்கள் காத்திருக்கவில்லை. 1928-ல் அமெரிக்காவின் பிராட் அண்ட் விட்னியிடமிருந்து ஹார்னெட் இன்ஜினைச் செய்ய உரிமம் வாங்கினார்கள். அதைச் செய்து செய்து கற்றுக்கொண்டதிலிருந்து பிஎம்டபிள்யூ 132 வந்தது. யுங்கர்ஸ் யூ52 விமானத்தைத் தூக்கியது அதுதான். பிறகு ஃபோக்கெ வுல்ஃப் 190 போர் விமானத்தின் 801 இன்ஜினும், 003 என்ற ஜெட் இன்ஜினும் வந்தன.

இந்தக் காலத்தைப் பற்றி ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். மியூனிக்குக்கும் டக்காவுக்கும் நடுவே அலாக் என்ற இடத்தில் இருந்த இன்ஜின் தொழிற்சாலையில், இரண்டாம் உலகப் போரின்போது நாஜிகளின் டக்காவ் வதைமுகாம் கைதிகளும் பிற நாடுகளிலிருந்து கட்டாயப்படுத்திக் கொண்டுவரப்பட்டவர்களும் ஆயிரக்கணக்கில் வேலை வாங்கப்பட்டார்கள். எம்டியுவின் தலைமையகம் இன்றும் அதே அலாக்கில்தான் இருக்கிறது. ஒரு பெண் தன் வாழ்க்கையைக் கொடுக்க நினைக்கும் துறையில் என்ன நடந்திருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இன்றைக்கும் அந்த நிறுவனம் பயணிகள் விமான இன்ஜினோடு யூரோஃபைட்டர் போர் விமானத்தின் இஜே200 இன்ஜினிலும் பங்கு வைத்திருக்கிறது. எந்தப் பக்கம் வேலை செய்ய மனம் ஒப்பும் என்பதை அவளே யோசிக்கட்டும். ராணுவத் திட்டங்களில் பாதுகாப்புச் சோதனை கடுமையாக இருக்கும், வெளிநாட்டவருக்கு அந்தக் கதவு குறுகல். ஆக, அவளுக்கு நடைமுறையில் திறந்திருப்பது பயணிகள் விமானப் பக்கம்தான்.

போர் முடிந்ததும் அலாக் தொழிற்சாலை அமெரிக்க ராணுவ வண்டிகளைப் பழுதுபார்க்கும் பட்டறை ஆனது. 003 ஜெட் இன்ஜினை உருவாக்கிய ஹெர்மன் ஓஸ்ட்ரிஹ், தன் குழுவோடு பிரான்ஸுக்குப் போனார். அங்கே அவர்கள் உருவாக்கிய அட்டார் இன்ஜின்தான் பிறகு மிராஜ் 3 விமானத்தை ஓட்டியது. தொழிற்சாலை ஜெர்மனியில் கிடந்தது, தொழில் தெரிந்தவர்கள் போன இடத்தில் புது இன்ஜின் பிறந்தது.

மியூனிக்கில் 1954-ல் பிஎம்டபிள்யூகாரர்கள் மறுபடி சிறியதாகத் தொடங்கினார்கள். இந்த முறையும் உரிமம் வாங்கித்தான். ஸ்டார்ஃபைட்டர் விமானத்துக்கான ஜெனரல் எலக்ட்ரிக்கின் ஜே79 இன்ஜினைச் செய்து ஜெட் காலத்துத் தொழிலைக் கற்றுக்கொண்டார்கள். 1960-களில் உரிமை பிஎம்டபிள்யூவிடமிருந்து எம்ஏஎன் நிறுவனத்துக்குப் போனது. 1969-ல் எம்ஏஎன்னும் டைம்லர்-பென்ஸும் தங்கள் இன்ஜின் பிரிவுகளைச் சேர்த்தபோதுதான் எம்டியு என்ற பெயர் வந்தது. 1985-ல் முழுவதும் டைம்லர் கைக்கு வந்தது. 2000-களின் தொடக்கத்தில் கேகேஆர் என்ற அமெரிக்க முதலீட்டு நிறுவனம் வாங்கியது. 2005-ல் பங்குச் சந்தைக்கு வந்தது, 2019-ல் ஜெர்மனியின் முதல்தரப் பங்குப் பட்டியலான டாக்ஸில் இடம் பிடித்தது. மகள் வேலைக்குப் போகும் வயதில் இந்த நிறுவனம் யார் கையில் இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். எம்டியு ஒரு பெரிய பயணிகள் விமானத்துக்கு முழு இன்ஜினைத் தன் பெயரில் விற்பதில்லை. இன்ஜினின் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு அதில் யாரும் தொட முடியாத அளவுக்குத் தேர்ச்சி பெறுவதுதான் அவர்கள் வழி. 1970-களின் தொடக்கத்தில் ஏர்பஸ் ஏ300-க்கான சிஎஃப்6 இன்ஜினில் பங்காளியாகச் சேர்ந்தார்கள். 1983-ல் ஐந்து நாட்டு நிறுவனங்கள் கூடி வி2500 இன்ஜினைத் தொடங்கியபோது, பின்பக்கம் சுற்றி முன் விசிறியை ஓட்டும் குறைந்த அழுத்த டர்பைன் எம்டியு கைக்கு வந்தது. ஏ320 நியோவுக்காகப் பிராட் அண்ட் விட்னி செய்யும் கியர் வைத்த இன்ஜினிலும் அதே பகுதி அவர்களுடையது, காற்றை அமுக்கும் கம்ப்ரசரின் சில அடுக்குகளும் கூட. அந்தத் திட்டத்தில் அவர்கள் பங்கு 18 சதவீதம்.

இந்தக் கியர் இன்ஜினைப் பற்றி மகளுக்குக் கொஞ்சம் சொல்ல ஆசை. முன்னால் தெரியும் பெரிய விசிறி மெதுவாகச் சுற்றினால்தான் அதற்கு நல்லது. பின்னால் அதை ஓட்டும் டர்பைனுக்கோ வேகமாகச் சுற்றினால்தான் நல்லது. பழைய இன்ஜின்களில் இரண்டும் ஒரே தண்டில் இருந்ததால் இரண்டுமே விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. நடுவில் கியர் வைத்ததும் டர்பைன் தன் வேகத்தில் சுற்ற முடிந்தது. வி2500-ல் ஐந்து அடுக்கு டர்பைன் செய்த வேலையை இங்கே மூன்று அடுக்கு செய்கிறது. ஆனால் வேகம் கூடினால் பிளேடு தன் எடையாலேயே பிய்த்துக்கொண்டு போகப் பார்க்கும். அதனால் எம்டியு டைட்டானியம் அலுமினைடு என்ற எடை குறைந்த, சூடு தாங்கும் பொருளை பிளேடுக்கு உருவாக்கியது. இந்தியாவில் இண்டிகோ 2016-லிருந்து பறக்கவிட்ட ஏ320 நியோக்கள் பலவற்றில் இந்த இன்ஜின் இருக்கிறது. சென்னையிலிருந்து நீங்கள் அப்படி ஒரு விமானத்தில் போயிருந்தால், இறக்கைக்கு அடியில் அலாக்காரர்களின் வேலையும் இருந்திருக்கும்.

அடுத்து, பழுதுபார்ப்பு. 1979-ல் ஹனோவர் அருகே பராமரிப்பு நிலையம் தொடங்கினார்கள். இன்று சீனாவின் ஜூஹாய் வரை அந்தக் கிளைகள் பரவியிருக்கின்றன. புது இன்ஜினை விற்பதில் கிடைப்பது சொற்பம். இருபது முப்பது ஆண்டு உதிரி பாகமும் பழுதுபார்ப்பும்தான் இந்தத் தொழிலுக்குச் சோறு போடுகிறது. வேலைவாய்ப்பும் அங்கேதான் அடர்த்தி.

2023-ல் நடந்ததையும் தெரிந்துகொள்ளுங்கள். கியர் இன்ஜினின் அதிவேகச் சக்கரங்களுக்குப் பயன்படுத்திய உலோகப் பொடியில் மாசு கலந்திருந்ததைப் பிராட் அண்ட் விட்னி அறிவித்தது. சக்கரத்தில் விரிசல் விழும் அபாயம். உலகம் முழுக்க நூற்றுக்கணக்கான விமானங்கள் தரையிறங்கி, ஆய்வுக்காக வரிசையில் நின்றன. இண்டிகோவின் விமானங்களும் நின்றன. பொடி எம்டியு செய்ததில்லை, ஆனாலும் பங்காளி என்பதால் சுமார் 100 கோடி யூரோ அளவுக்கு நஷ்டக் கணக்கு எழுத வேண்டியிருந்தது. ஒரு பொடியின் தூய்மை இத்தனை பேரை ஆட்டிவைத்தது. அதைச் சோதித்துச் சொல்லத் தெரிந்தவர்கள் மெட்டலர்ஜி, அதாவது உலோகவியல் படித்தவர்கள்.

இதனால்தான் என் யோசனை இப்படி இருக்கிறது. மெக்கானிக்கல் அல்லது மெட்டலர்ஜியை முதல் வரிசையில் வையுங்கள். ஏரோநாட்டிக்கல் எடுப்பதானால் குரோம்பேட்டை எம்ஐடி மாதிரி வேரூன்றிய இடத்தில் மட்டும் எடுங்கள். பெயருக்கு ஏரோநாட்டிக்கல் துறை வைத்து, ஓடாத ஒரு பழைய இன்ஜினை வாசலில் நிறுத்தியிருக்கும் கல்லூரிக்கு நான் அனுப்ப மாட்டேன். மெட்டலர்ஜிக்குக் கோவை பிஎஸ்ஜி டெக்கும் சேலம் அரசு பொறியியல் கல்லூரியும் இருக்கின்றன. ஜேஇஇ மதிப்பெண் வந்தால் திருச்சி என்ஐடி இருக்கிறது. மெட்டலர்ஜி என்றால் இரும்புப் பட்டறை என்று வீட்டில் யாராவது முகம் சுளித்தால், மேலே சொன்ன பிளேடு கதையைச் சொல்லுங்கள். கல்லூரியைப் பார்க்கப் போகும்போது கட்டடத்தை விட்டுவிட்டு, சிஎன்சி எந்திரத்தில் மாணவர்கள் கை வைக்க விடுகிறார்களா, எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் பூட்டிக் கிடக்கிறதா என்று மூன்றாம் ஆண்டு மாணவர்களிடம் கேளுங்கள். கம்ப்யூட்டர் பிடிக்காது என்கிறாள் அல்லவா, அதில் மட்டும் நான் உங்கள் பக்கம். காற்று ஓட்டத்தையும் உலோகத்தின் மேல் விழும் அழுத்தத்தையும் இன்று கணினியில்தான் முதலில் ஓட்டிப் பார்க்கிறார்கள். எந்தப் பிரிவில் சேர்ந்தாலும் பைத்தான் தெரியாமல் தப்ப முடியாது.

ஏஎம்இ என்று ஒரு படிப்பைச் சிலர் உங்களிடம் சொல்லியிருப்பார்கள். அது விமானப் பராமரிப்பு உரிமத்துக்கானது, இன்ஜின் வடிவமைப்புக்கான பட்டம் ஆகாது. நல்ல தொழில்தான். சேர்வதானால், விமானத் துறையைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டிஜிசிஏவின் அங்கீகாரம் இருக்கிறதா என்று டிஜிசிஏ இணையதளத்திலேயே பாருங்கள், கல்லூரி காட்டும் சான்றிதழை மட்டும் நம்ப வேண்டாம்.

ஜெர்மனிக்கு எப்போது? இளநிலை இங்கே, முதுநிலை அங்கே என்பதுதான் நம் பிள்ளைகளுக்குச் சுலபமான வழி. பிளஸ் டூ சான்றிதழ் மட்டும் இருந்தால் அங்கே நேரடியாக இளநிலையில் சேர்வது பெரும்பாலும் நடக்காது. "ஜெர்மனியில் படிப்பு இலவசம்" என்பதும் எல்லா இடத்துக்கும் பொருந்தாது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024 குளிர்காலப் பருவத்திலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் முதுநிலைக்குப் பருவத்துக்கு 4,000 முதல் 6,000 யூரோ வாங்குகிறது. ஸ்டுட்கார்ட் இருக்கும் மாநிலத்தில் பருவத்துக்கு 1,500 யூரோ. இது போக, முதல் ஆண்டுச் செலவுக்காக 11,904 யூரோவைப் பிளாக்டு அக்கவுண்டில், அதாவது மாதாமாதம் ஓரளவு மட்டுமே எடுக்க முடிகிற வங்கிக் கணக்கில் காட்ட வேண்டும். இந்தத் தொகை அவ்வப்போது ஏறும். மாணவர் விசாவுக்கு, நம் படிப்புச் சான்றிதழ்களைச் சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்றிதழும் கட்டாயம். பட்டம் வாங்கிய பின் வேலை தேட 18 மாதம் தருகிறார்கள். அந்தப் பதினெட்டு மாதத்தில் வேலையா ஊருக்கு டிக்கெட்டா என்பதைப் பல நேரம் முடிவு செய்வது ஜெர்மன் மொழிதான். வகுப்பு ஆங்கிலத்தில் நடக்கலாம், தொழிற்சாலையில் டெக்னீஷியன் ஜெர்மனில்தான் பேசுவார். கல்லூரி முதல் ஆண்டிலேயே தொடங்கினால் நான்கு ஆண்டில், ஓரளவு சரளமாகப் பேசும் பி2 நிலையை அவசரமில்லாமல் எட்டலாம்.

எம்டியு கிடைக்கவில்லை என்றால் என்ன ஆகும் என்பதுதான் உங்கள் கடைசிக் கேள்வி. டர்பைன் பிளேடு தெரிந்தவளுக்கு ஜெர்மனியிலேயே ரோல்ஸ்-ராய்ஸின் டாலெவிட்ஸ் ஆலை இருக்கிறது, மின் நிலையங்களுக்கு டர்பைன் செய்பவர்கள் இருக்கிறார்கள். இங்கே பெங்களூரில் காவேரி என்ற போர் விமான இன்ஜினை உருவாக்கிய அரசு ஆய்வகமான ஜிடிஆர்இ இருக்கிறது, சுகோய் இன்ஜின் செய்யும் எச்ஏஎல்லின் கோராபுட் பிரிவு இருக்கிறது. இந்த அரசு நிறுவனங்களில் சேர கேட் நுழைவுத் தேர்வு மதிப்பெண் பல நேரம் உதவும், ஆகவே மூன்றாம் ஆண்டில் அதற்கும் படிக்கட்டும்.

கட்-ஆஃப் தெரிந்ததும், கலந்தாய்வில் போட நினைக்கும் கல்லூரிகளையும் பிரிவுகளையும் அவள் கைப்படவே வரிசையாக எழுதச் சொல்லி எனக்கு அனுப்புங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஏன் என்று ஒரு வரி இருக்கட்டும். அதை வைத்துக்கொண்டு மூவரும் பேசலாம்.