புதன்கிழமை ஊசி: நீங்கள் கேட்டதும் நான் சொல்வதும்

கோபி பக்கம் கிராம சுகாதார செவிலியராக முப்பது வருடம் ஊசி போட்டு ஓய்வு பெற்றவள் நான். தடுப்பூசி பற்றி எதை வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லி வைத்தேன், கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

சத்தியமங்கலத்திலிருந்து ஒரு தாய்: அக்கா, ஆறாவது வார ஊசி போட்டுட்டு வந்தோம். ராத்திரி பூரா காய்ச்சல், தொடை வீங்கி ஒரே அழுகை. அடுத்த ஊசியே வேண்டாங்கறாங்க எங்க அத்தை. என்னங்க பண்றது?

அத்தை பயப்படுவதில் தப்பில்லை, விடிய விடியத் தோளில் போட்டு நடந்தவர் அவராகத்தான் இருக்கும். ஆனால் அது நோய் இல்லை அம்மிணி. பென்டாவேலன்ட் ஊசியில் ஐந்து நோய்க்கான மருந்து இருக்கிறது. அதில் கக்குவானுக்கு உள்ள பங்கு, செத்த கிருமியை முழுசாகப் போட்டுச் செய்தது. உடம்பு அதைப் பார்த்துச் சூடேறி வேலையைத் தொடங்குவதுதான் இந்தக் காய்ச்சல், ஒன்றிரண்டு நாளில் இறங்கிவிடும். நர்சம்மா சொன்ன அளவில் பாரசிட்டமால் கொடுங்கள், வீக்கத்தைத் தேய்க்காதீர்கள். வலிப்பு வந்தாலோ, குழந்தை துவண்டு போனாலோ, மூன்று மணி நேரத்துக்கு மேல் விடாமல் அழுதாலோ உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.

சென்னிமலையிலிருந்து: ஒரே மருந்தை எதுக்குங்க 6, 10, 14 வாரம்னு மூணு தடவை? நடுவுல தள்ளிப்போனா முதல்ல இருந்தா?

தோட்டத்துச் சாளையில் நாய் வளர்ப்பவர்களுக்கு இது தெரியும். புது ஆள் முதல்முறை வந்தால் நாய் கொஞ்ச நேரம் மோந்து பார்த்துவிட்டுத்தான் குரைக்கும், அதே ஆள் மறுபடி வந்தால் வண்டிப் பாதையில் கால் வைக்கும்போதே எழுந்து நிற்கும். ரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்களில் இந்தக் கிருமிக்குப் பொருந்துவது ரொம்பக் கொஞ்சம். அவற்றைத் தேடிப் பிடித்து, பெருக்கி, எதிர்ப்புப் பொருள் செய்ய முதல் தடவை ஒன்றிரண்டு வாரம் ஆகிவிடும். அப்புறம் அது வடிந்துபோகும், ஆனால் சில அணுக்கள் அடையாளத்தை வைத்துக்கொண்டு தங்கிவிடும். இரண்டாவது, மூன்றாவது ஊசிக்கு அவைதான் கிளம்புகின்றன, இன்னும் வேகமாக, கிருமியை இன்னும் இறுக்கமாகப் பிடிக்கிற சரக்கோடு. தள்ளிப்போனால் விட்ட இடத்திலிருந்து போட்டால் போதும்.

தாராபுரத்திலிருந்து ஒரு பெரியவர்: அம்மை வந்து தானா இறங்குனாத்தான் உடம்புக்கு பலம்னு எங்க ஆத்தா சொல்லும். ஊசி எதுக்கு?

வேப்பிலை கட்டுங்கள், மாரியாத்தாவுக்கு வேண்டிக்கொள்ளுங்கள், நானும் செய்தவள்தான். தட்டம்மை வந்து போனால் பெரும்பாலும் மறுபடி வராது, அது உண்மை. ஆனால் போகிறபோது அது சும்மா போவதில்லைங்க ஐயா. மற்ற நோய்களைப் பற்றி உடம்பு சேர்த்து வைத்த அடையாளங்களில் ஒரு பகுதியை அழித்துவிட்டுப் போகிறது, அதனால்தான் அம்மை இறங்கிய குழந்தைக்குப் பின்னாலேயே சளி, நிமோனியா, வயிற்றுப்போக்கு என்று வந்துகொண்டே இருக்கும். ஒன்பதாவது மாதமும் ஒன்றரை வயது வாக்கிலும் போடும் ஊசி அந்த அழிவைச் செய்யாமல் தட்டம்மையைக் கற்றுக்கொடுக்கிறது. பெரியம்மைக்கு இப்போது வழக்கமாக ஊசி போடுவதில்லை, ஏனென்றால் ஊசி போட்டே அதை ஒழித்துவிட்டார்கள். 1980இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. உங்கள் கைத் தழும்பு அந்தக் காலத்து ஊசியாக இருக்கலாம்.

பல்லடத்திலிருந்து: நாய் கடிச்ச பின்னாடி தடுப்பூசி போட்டு என்னங்க பிரயோசனம்?

நல்ல கேள்வி. வெறிநோய்க் கிருமி ரத்தத்தில் ஓடுவதில்லை, கடித்த இடத்திலிருந்து நரம்பு வழியாக மூளைக்கு மெதுவாக ஏறுகிறது, பெரும்பாலும் வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில். அந்த அவகாசத்தில் ஊசி உடம்பைத் தயார்செய்துவிடும். ஆழமான கடி என்றால் அதுவரை காத்திருக்க முடியாது, ஆயத்தமான எதிர்ப்புப் பொருளைக் காயத்துக்குள்ளேயே செலுத்துவார்கள். அறிகுறி வந்துவிட்டால் காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாது. முதல் வேலை, சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவுவது. காப்பித்தூள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி அப்பிக்கொண்டு வந்தவர்களின் காயத்தைச் சுரண்டிக் கழுவியே எனக்குப் பாதி நாள் போயிருக்கிறது. தொப்புளைச் சுற்றி ஊசி என்று பயப்படாதீர்கள். அது குன்னூர் பாஸ்டர் நிறுவனம் மாதிரி இடங்களில் ஆட்டு மூளையிலிருந்து செய்த பழைய மருந்து. இப்போது கையில்தான்.

நாமக்கல் கோழிப் பண்ணையிலிருந்து: குஞ்சுக்குக் கண்ணுல விடற சொட்டும் இதே கதைதானுங்களா?

அதேதான். வெள்ளைக் கழிச்சலுக்குப் பலம் குறைத்த உயிருள்ள கிருமி. போலியோ சொட்டும் அந்த வகை.

பெருந்துறையிலிருந்து: கரண்டு அடிக்கடி போகுதே, மருந்து கெட்டிருக்காதா?

2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். சூட்டுக்கு எல்லாரும் பயப்படுவார்கள், குளிருக்குப் பயப்பட மாட்டார்கள், எனக்கு அதில்தான் கோபம். பென்டாவேலன்ட் உறைந்தால் உள்ளே திரிந்து கட்டி தட்டிவிடும், அப்புறம் தூக்கிப்போட வேண்டியதுதான். அதனால் ஐஸ் பாக்கெட்டை ஃப்ரீசரிலிருந்து எடுத்ததும் பெட்டியில் வைக்க மாட்டோம். காதருகே ஆட்டிப் பார்ப்பேன், உள்ளே தண்ணீர் சலசலத்தால்தான் மருந்துக்குப் பக்கத்தில் இடம். சூடு பட்டதா என்பதற்குக் குப்பியிலேயே அடையாளம் உண்டு: வட்டத்துக்குள் வெளிர் சதுரம். சதுரம் கறுத்து வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டால் போடக் கூடாது. காட்டச் சொல்லிக் கேளுங்கள், யாரும் கோபிக்க மாட்டார்கள்.

காங்கேயத்திலிருந்து: பாப்பா கைல பிசிஜி (காசநோய் ஊசி) தழும்பே இல்லைங்க, மறுபடி போடணுமா?

வேண்டாம்.