சூளைச் செங்கலும் கடலடியும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கடலடி நடுவில் பிளந்து இருபுறமும் மெல்ல விலகுகிறது என்ற கடலடி விரிவு பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். முப்பது வருஷம் பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். கடலடி ஒரு டேப் ரெக்கார்டர் மாதிரி, பூமியின் காந்தப்புலம் வடக்கு தெற்காகப் புரண்ட கதையெல்லாம் அதில் வரிவரியாகப் பதிந்திருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். படிக்க நன்றாகத்தான் இருந்தது, நம்பத்தான் முடியவில்லை. மூன்று கிலோமீட்டர் தண்ணீருக்கு அடியில் கிடக்கும் பாறையின் காந்தம் மேலே போகிற இரும்புக் கப்பலுக்கு எப்படித் தெரியும்? பாறை தெற்கைக் காட்டினால் பூமிதான் புரண்டது என்று எப்படிச் சொல்வது? கோளாறு பாறையிலேயே இருக்கலாமே? இன்னொன்று, இந்த வரிகளுக்கு விளக்கம் சொன்னவர்கள் என்று வைன், மேத்யூஸ் இருவரையும் சொன்னீர்கள். அதே யோசனையைத் தனியாக எட்டிய கனடாக்காரர் மோர்லியை விட்டுவிட்டீர்கள். கடைசியாக ஒரு சில்லறைக் கேள்வி: இந்தியப் பெருங்கடலுக்கு அடியில் கார்ல்ஸ்பெர்க் மலைத்தொடர் என்கிறீர்களே, அது பீர் கம்பெனி பெயர்தானா?

எஸ்.,
தூத்துக்குடி

அன்புள்ள எஸ்.,

டேப் ரெக்கார்டர் உவமை எல்லோரும் எடுத்தாள்வது. நானும் யோசிக்காமல் எடுத்துப் போட்டேன். டேப் ஓடும் வேகம் நமக்கு முன்பே தெரியும். கடலடி எந்த வேகத்தில் ஓடுகிறது, ஓடுகிறதா என்பதே அன்றைக்கு வழக்கு. அந்த உவமை விடையை முதலிலேயே போட்டுவிட்டு அதன் பிறகு கணக்கைச் சொல்கிறது.

கப்பல் இரும்பு என்பதால்தான் கருவியைக் கப்பலில் வைப்பதில்லை. நீளமான கேபிளில் கட்டி, வெகுதூரம் பின்னால் தண்ணீரில் இழுத்துக்கொண்டு போவார்கள். புரோட்டான் காந்தமானி என்ற அந்தக் கருவியின் உள்ளே இருப்பது ஒரு பாட்டில் தண்ணீர் அல்லது மண்ணெண்ணெய், அதைச் சுற்றிச் செம்புக் கம்பிச் சுருள், அவ்வளவுதான். சுருளில் மின்சாரம் பாய்ச்சினால் திரவத்திலுள்ள புரோட்டான்கள் ஒரு பக்கமாகச் சாயும். சட்டென்று நிறுத்தினால் பூமியின் புலத்தைச் சுற்றிப் பம்பரம் மாதிரித் தலையாட்டும். 40,000 நானோடெஸ்லா (காந்தப்புலத்தை அளக்கும் அலகு) புலத்தில் நொடிக்குச் சுமார் 1,703 ஆட்டம். புலம் 100 நானோடெஸ்லா குறைந்தால் ஆட்டத்தில் நாலு குறையும். நடுக்கடல் முகடுகளுக்கு, அதாவது கடலடி மலைத்தொடர்களுக்கு, மேலே பாறையால் வரும் ஏற்ற இறக்கம் சில நூறு நானோடெஸ்லா, அதாவது மொத்தத்தில் நூற்றில் ஒரு பங்கு. அது போதும், எண்ணிவிடலாம்.

இரண்டாவது கேள்விதான் உங்களை ஆசிரியர் என்று காட்டிக்கொடுக்கிறது. 1950களில் பெரிய பெரிய இயற்பியலாளர்களே இதைத்தான் கேட்டார்கள். ஜப்பானில் ஹருனா எரிமலையின் பாறை ஒன்றைச் சோதனைச் சாலையில் சூடாக்கி ஆறவிட்டபோது, சுற்றியிருந்த புலத்துக்கு நேர் எதிராகக் காந்தம் ஏறியது. ஆக, பாறை தானாகப் புரளும். அப்படியிருக்க பூமியை ஏன் குற்றம் சொல்லவேண்டும்?

இதற்குச் சாட்சி ஒரு செங்கல். சூளையில் வேகும்போது களிமண்ணிலுள்ள இரும்பு ஆக்ஸைடு தன் பழைய காந்தத்தை இழந்துவிடும். மேக்னடைட் என்ற இரும்பு ஆக்ஸைடுக்கு அந்த வெப்பநிலை சுமார் 580 டிகிரி. சூளை ஆறும்போது அன்றைய பூமிப் புலத்தின் திசையை அது பிடித்துக்கொள்ளும். அடுக்கிலிருந்து எடுத்துத் திருப்பி வைத்தாலும் அந்தத் திசை கல்லுக்குள்ளேயே இருக்கும். 1906-இல் பிரான்ஸில் பெர்னார் புரூன் பார்த்ததும் ஒருவகைச் செங்கல்தான். எரிமலைக்குழம்பு களிமண்மேல் வழிந்து அதைச் சுட்டிருந்தது. சுட்ட மண் தலைகீழாகக் காந்தமேறியிருந்தது, மேலே இருந்த எரிமலைப் பாறையும் அப்படியே. இரண்டிலும் தாதுக்கள் வேறு, ஆனால் ஆறிய நேரம் ஒன்று. பாறையின் கோளாறு என்றால் இரண்டுக்கும் ஒரே கோளாறு வர நியாயமில்லை. இப்படிச் சுட்ட மண்ணும் குழம்பும் ஒத்துப்போன இடங்கள் உலகெங்கும் சேரச் சேர ஹருனா ஒரு விதிவிலக்காக ஒதுங்கியது.

இனி நம் பக்கத்துக் கடலுக்கு வருவோம். 1962-இல் ஹெச்எம்எஸ் ஓவன் என்ற பிரிட்டிஷ் கப்பலில் போய், கார்ல்ஸ்பெர்க் முகட்டின் ஒரு சிறு பகுதியை டிரம்மண்ட் மேத்யூஸ் குறுக்கும் நெடுக்குமாக அளந்து வந்தார். அந்த எண்கள் கேம்பிரிட்ஜில் அவருடைய மாணவர் ஃபிரெட் வைன் கைக்குப் போயின. அந்த இடம் காந்த நடுக்கோட்டுக்கு, அதாவது பூமியின் காந்தப்புலம் கிடையாகப் படுத்திருக்கும் கோட்டுக்கு, பக்கம். தூத்துக்குடிக்கும் அது பக்கம்தான், உங்கள் ஊரில் சாய்வுமுள் கிட்டத்தட்டக் கிடையாகவே நிற்கும். (தும்பாவை ராக்கெட் தளமாகத் தேர்ந்ததும் இந்தக் கோட்டுக்காகத்தான். முதல் ராக்கெட் போனது 1963 நவம்பரில்.) அங்கே பாறையின் காந்தமும் ஏறக்குறையப் படுத்தே கிடக்கும். படுக்கவைத்த சட்டக் காந்தத்தின் நடுவுக்கு மேலே திசைகாட்டியைப் பிடித்தால் முள் எதிர்ப்பக்கம் திரும்புவதை வகுப்பில் எத்தனையோ முறை காட்டியிருப்பீர்கள். அதேபோல, இன்றைய திசையில் காந்தமேறிய பாறை அங்கே மேலுள்ள புலத்தைக் கூட்டாது, குறைக்கும். முகட்டின் நடுவில் புலம் குறைந்தே இருந்தது. ஆனால் அங்கே இருந்த இரண்டு கடலடிக் குன்றுகளை வைன் எட்சாக்-2 கணினியில் போட்டுப் பார்த்தபோது, ஒன்று இன்றைய திசையிலும் மற்றது தலைகீழாகவும் காந்தமேறியதாக விடை வந்தது. முகட்டில் புதுப் பாறை பிறந்து இருபுறமும் விலகுகிறது என்று ஹாரி ஹெஸ் ஏற்கெனவே எழுதியிருந்தார். புலம் அவ்வப்போது புரள்கிறது என்பதை அதோடு சேர்த்தால், முகட்டுக்கு இணையாக, மாறி மாறி நேராகவும் தலைகீழாகவும் காந்தமேறிய வரிகள் வந்தாகவேண்டும். இதைச் சொன்ன வைன், மேத்யூஸ் கட்டுரை 1963 செப்டம்பரில் நேச்சர் ஆய்விதழில் வந்தது.

பெரிதாக யாரும் அசையவில்லை. இதைத்தான் முந்தைய கட்டுரையில் நான் மழுப்பிவிட்டேன். அசையாதவர்களை முட்டாள்கள் என்று சொல்ல எனக்கு இப்போது மனம் வரவில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். கார்ல்ஸ்பெர்க் முகடு மெதுவாக விரிவது, ஒரு பக்கத்துக்கு வருஷத்தில் ஒன்றேகால் சென்டிமீட்டர் என்று வையுங்கள். கடைசியாகப் புலம் புரண்டு 7,80,000 ஆண்டுகள் ஆகின்றன. ஒரு பக்கத்துக்குப் பத்து கிலோமீட்டர் அகல வரி. அதைத் தாண்டி, சுமார் 80,000 ஆண்டுகளே நீடித்த ஒரு சிறு புரளல் அங்கே ஒரு கிலோமீட்டர் பட்டை. மூன்று கிலோமீட்டர் உயரத்திலிருந்து பார்க்கும் கருவிக்கு அது தெரியவே தெரியாது, கலங்கிப் போகும்.

அந்தச் சிறு புரளல்தான் வழக்கைத் தீர்த்தது என்பது வேடிக்கை. நியூ மெக்ஸிகோவில் ஹராமியோ என்ற ஓடையருகே எடுத்த எரிமலைப் பாறைகளில், பொட்டாசியம்-ஆர்கான் முறையில் காலம் கணித்து அதைக் கண்டுபிடித்தார்கள். 1965 நவம்பரில் ஒரு மாநாட்டில் வைன் இதைக் கேள்விப்பட்டார். அதுவரை அவருடைய வரிகளைப் பொருத்த, விரியும் வேகத்தை இடையிடையே கூட்டிக் குறைக்க வேண்டியிருந்தது. இந்த ஒன்றைச் சேர்த்ததும் ஒரே சீரான வேகம் போதும் என்றாயிற்று. பிறகு எல்டானின் என்ற ஆய்வுக் கப்பல் தென் பசிபிக்கில் எடுத்த காந்த வரைபடம் வந்தது. அங்கே முகடு வேகமாக விரிகிறது, ஒரு பக்கத்துக்கு நாலரை சென்டிமீட்டர். கார்ல்ஸ்பெர்க்கில் ஒரு கிலோமீட்டராக இருந்த பட்டை அங்கே மூன்றரை கிலோமீட்டருக்கு மேல், தெளிவாகவே தெரிந்தது. வால்டர் பிட்மன் அந்த வரைபடத்தைத் திருப்பிப் போட்டு அதன்மேலேயே வைத்துப் பார்த்தார். இடது பக்க மேடு பள்ளமெல்லாம் வலது பக்கத்தின் மேல் அப்படியே உட்கார்ந்தது, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தூரத்துக்கு. அதன் பிறகு மறுத்தவர்கள் வெகு சிலர்.

மோர்லியை விட்டது என் தப்பு. லாரன்ஸ் மோர்லி கனடாவின் புவியியல் ஆய்வுத் துறையில் விமானக் காந்த அளவைகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர். அமெரிக்க மேற்குக் கரைக்கு அப்பால் கடலடிக் காந்தத்தை அளந்து மேசனும் ராஃபும் வெளியிட்ட வரிக்குதிரை மாதிரியான படம் அவர் கண்ணில் பட்டது, காரணமும் பிடிபட்டது. 1963 தொடக்கத்தில் எழுதி நேச்சருக்கு அனுப்பினார், திரும்பி வந்தது. பிறகு ஒரு அமெரிக்க இதழுக்கு அனுப்பினார். காக்டெயில் விருந்தில் பேசச் சுவையான சங்கதி, ஆய்விதழில் போடத்தக்கதல்ல என்று மதிப்பீட்டாளர் எழுதிவிட்டார். அந்த நக்கல் தேவையே இல்லாதது. ஆனாலும் மோர்லி கையில் புதிய அளவை எதுவும் இல்லை, வைன் கையில் இருந்தது, அந்த வித்தியாசத்தையும் சொல்லத்தான் வேண்டும். வைன்–மேத்யூஸ்–மோர்லி என்று மூவரையும் சேர்த்துச் சொல்வதே இப்போதைய வழக்கம். என் கட்டுரையிலும் திருத்திவிடுகிறேன்.

பீர்தான், சந்தேகமே வேண்டாம். 1928 முதல் 1930 வரை உலகைச் சுற்றிய டானா என்ற டென்மார்க் கப்பல் அந்த முகட்டைக் கண்டது. செலவுக்குப் பணம் தந்தது அந்த மதுவாலையின் அறக்கட்டளை. பயணத் தலைவர் யோஹானஸ் ஷ்மிட்டின் பெரும்பாடெல்லாம் விலாங்கு மீன் எங்கே முட்டையிடுகிறது என்பதைப் பற்றியது.