உரிமைத் தொகையை நம்பிச் சீட்டுப் போடலாமா?

கேள்வி: மேடம், நான் திண்டுக்கல் பக்கம் ஒரு தையல் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். 2021 ஊரடங்கில் வேலை இல்லாமல் இரண்டு பவுன் செயினை அடகுக் கடையில் 30,000 ரூபாய்க்கு வைத்தோம். நூற்றுக்கு இரண்டு வட்டி. நான்கு வருடமாக வட்டி மட்டும்தான் கட்டுகிறேன். இப்போது மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் வருகிறது. அதை வைத்து பக்கத்து வீட்டு அக்கா நடத்தும் சீட்டில் சேரலாமா?

பதில்: வேண்டாம். அந்த அக்கா நல்லவராகவே இருக்கலாம். ஆனால் பதிவு செய்யாத சீட்டில் ஒருவர் கட்டாமல் போனாலும் உங்கள் பணத்துக்குப் பிடிமானம் இல்லை. அதைவிடப் பெரிய காரணம் உங்கள் செயின். மாதம் 600 வீதம் நான்கு வருடத்தில் 28,800 ரூபாய் வட்டி கட்டிவிட்டீர்கள். கிட்டத்தட்ட வாங்கிய கடன் அளவு! அசலில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. உங்கள் கடிதத்தில் என் மனம் கனத்த இடம் இதுதான்.

கொரோனாவுக்குப் பிறகு அரசு கொடுத்ததில் மாதாமாதம் உங்கள் கையில் வருவது உரிமைத் தொகை மட்டும்தான். கண்ணுக்குத் தெரியாமல் மிச்சமாவது வேறு. 2021 மே முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் உங்களுக்குக் கட்டணம் இல்லை. போக 10, வர 10 என்று முன்பு கொடுத்திருந்தால், 26 நாளுக்கு 520 ரூபாய். வீட்டில் மாமியாருக்கு பிரஷர், சுகர் என்றால் 'மக்களைத் தேடி மருத்துவம்' மூலம் மாத்திரை வாசலுக்கே வரும். இதெல்லாம் வருமானம்தான். தனியாக எடுத்து வைக்காததால் டீயிலும் ரீசார்ஜிலும் கரைந்துவிடுகிறது. சம்பளம் வந்த அன்றே பஸ் காசு 500-ஐ ஒரு டப்பாவில் போடுங்கள். உரிமைத் தொகையோடு சேர்த்தால் 1,500 ஆச்சு.

சரி, அதை எங்கே கட்டுவது? நகையை முதலில் வங்கிக்கோ கூட்டுறவு சங்கத்துக்கோ மாற்றுங்கள். வருடத்துக்குப் பத்து சதவீத வட்டி என்றே வைத்துக்கொண்டாலும் மாத வட்டி 600-லிருந்து 250 ஆகிவிடும். அடகைத் திருப்ப ஒரே ஒரு நாளைக்கு 30,000 புரட்ட வேண்டியிருக்கும். அண்ணன் தம்பியிடம் கேளுங்கள், கந்துவட்டிக்குப் போகாதீர்கள். இடையிடையே அசலைக் கட்டலாமா என்று வங்கியில் விசாரித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். மாதம் 1,500 கட்டினால் இரண்டு வருடத்துக்குள் செயின் வீட்டுக்கு வந்துவிடும்.

உரிமைத் தொகையைக் காட்டிப் புதிதாகக் குழுக் கடன் தர வந்தால் வாங்காதீர்கள். குடும்ப வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் என்பது போன்ற நிபந்தனைகளோடு வரும் தொகை அது. விதி மாறலாம், தவணை மாறாது. பேருந்தும் ஆரம்ப சுகாதார நிலையமும் ஊருக்கே பொதுவாக நிற்பவை. அதனால்தான் நான் ரொக்கத்தைவிட அவற்றைப் பெரிதாக மதிக்கிறேன்.

குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையும் எடுத்துவிடுங்கள்.

அப்புறம், அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளை இருந்தால் ஒன்று கவனியுங்கள். பள்ளியில் காலை உணவு ஐந்தாம் வகுப்பு வரைதான்; அதற்குப் பிறகு அந்தச் செலவு உங்களுடையது. அதற்கும் சேமிப்பு வேண்டும். செயின் திரும்பிய மாதமே தபால் நிலையத்தில் மாதம் 500 ரூபாய் கட்டும் ஆர்.டி. (தொடர் சேமிப்பு) தொடங்குங்கள். 6.7 சதவீத வட்டியில் ஐந்து வருடத்தில் சுமார் 35,700 வரும். பன்னிரண்டு தவணை கட்டியபின் அவசரம் என்றால், சேர்ந்த தொகையில் பாதிவரை அங்கேயே கடன் கிடைக்கும். செயினை மறுபடி கழற்ற வேண்டியிருக்காது.