மிஸ் என் முகநூலைப் பார்த்திருக்கிறார்

கேள்வி: எனக்கு ஊர் திருகோணமலை, உவர்மலை. அப்பா தவறிய பிறகு நித்திரை இல்லாமல், கிழமைக்கு ஒருமுறை உளவளத்துணைக்குப் போய் வருகிறேன். போன தடவை மிஸ், "நிலாவெளியில் எடுத்த படத்தில் நல்ல சந்தோஷமாக இருந்தீர்களே" என்றார். அந்தப் படத்தை முகநூலில் போட்டிருந்தேன், ஆனால் அவரிடம் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. இப்போது அவருக்கு முன்னால் இருந்தால் கதை வருவதில்லை. போவதை நிறுத்திவிடவா?

பதில்: அவசரப்பட்டு நிறுத்த வேண்டாம் தங்கச்சி. அடுத்த முறை போனதும் முதல் வேலையாக இதையே கேளுங்கள்: "மிஸ், அந்தப் படத்தை எங்கே பார்த்தீர்கள்? தேடிப் பார்த்தீர்களா?"

உங்களுக்கு ஏன் வாயடைத்துப் போனது என்று விளங்குகிறது. எதை இன்றைக்குச் சொல்வது, எதை அடுத்த கிழமைக்கு வைப்பது என்பது அதுவரை உங்கள் கையில் இருந்தது. போதாததற்கு, நித்திரை இல்லை என்று நீங்கள் சொன்னதற்கு அந்தப் படம் எதிர்ச்சாட்சியாக வந்து நின்றுவிட்டது. போன இடத்தில் மச்சாள் யாராவது "கொஞ்சம் சிரியடி" என்றிருப்பாள், நீங்களும் சிரித்திருப்பீர்கள். அன்றிரவு எத்தனை மணிவரை விழித்திருந்தீர்கள் என்பது படத்தில் வராதே.

ஆனால் மிஸ் தேடித்தான் பார்த்தார் என்று இப்போதே முடிவு கட்ட முடியாது. திருகோணமலையில் இரண்டு பேருக்கும் பொதுவாகத் தெரிந்தவர் இல்லாமல் போவாரா? கைபேசியில் இருக்கும் இலக்கங்களை முகநூலுக்குத் திறந்துவிட்டால், 'உங்களுக்குத் தெரிந்தவராக இருக்கலாம்' என்று அதுவே ஆளைக் கொண்டுவந்து காட்டும். தற்செயலாகக் கண்ணில் பட்டது என்று அவர் சொன்னால், விஷயம் முக்கால்வாசி முடிந்த மாதிரி.

தேடித்தான் பார்த்தார் என்றால்? இது அவர்களின் தொழிலுக்குள்ளேயே நடக்கிற விவாதம்தான். 2010இல் அமெரிக்க மனநல வைத்தியர்கள் மூவர் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். நோயாளியின் பெயரைத் தேட முன்னர், ஏன் தேடுகிறேன், சிகிச்சைக்கு இது உதவுமா, கெடுக்குமா, அனுமதி கேட்க வேண்டாமா, கண்டதைக் கோப்பில் எழுதுவதா என்று வைத்தியர் தன்னையே கேட்க வேண்டும் என்பது அவர்களின் வாதம். அமெரிக்க உளவளத்துணையாளர் சங்கத்தின் 2014 ஒழுக்கக்கோவை இன்னும் கறார்: அனுமதி இல்லாமல் துணை நாடி வருபவரின் சமூக ஊடகப் பக்கத்துக்குள் போகக் கூடாது.

"எல்லாரும் பார்க்கத்தானே போட்டது" என்று சிலர் சொல்வார்கள். டொக்யார்ட் வீதியில் நீங்கள் நடப்பதையும் ஊரே பார்க்கலாம். அதற்காக மிஸ் பின்னாலேயே நடந்து வந்தால் சும்மா இருப்பீர்களா?

ஒரே ஒரு இடத்தில் நான் தேடிப் பார்ப்பவர்கள் பக்கம். ஒருவர் 'போய்வருகிறேன்' என்று செய்தி அனுப்பிவிட்டுக் கைபேசியை நிறுத்திவிட்டார் என்றால், அவர் எங்கே என்று எந்தப் பக்கத்தையும் தேடட்டும். உயிர்தான் முதல். உங்கள் நிலாவெளிப் படத்தில் அப்படி என்ன அவசரம்?

மிஸ் "கேட்காமல் பார்த்தது பிழைதான்" என்று சொல்லி, இனிமேல் என்ன செய்வது என்று உங்களோடு பேசினால் தொடருங்கள். அப்பாவைப் பற்றி முதலிலிருந்து இன்னொருவருக்குச் சொல்வதும் லேசான வேலையில்லை. "எல்லாம் உங்கள் நன்மைக்குத்தான்" என்று வாயை மூடப் பார்த்தால் வேறு ஆளைத் தேடுங்கள், அதில் சங்கடப்பட ஒன்றுமில்லை. மாறுகிற இடைவெளியில் இரவு தாங்க முடியாமல் இருந்தால், தேசிய மனநல உதவி இலக்கமான 1926க்கு எடுங்கள்.